ஐவாம்மா தேடிய காலிபர்

ஐவாம்மா எங்கள் கடைக்கு ரிவால்வர் வாங்கத்தான் வருகிறார் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது உட்கார ஒரு நாற்காலி. அதுவும் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில். அவரை எதிரே வைத்துக்கொண்டு பேசிய எனக்கே இது புரியக் குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. மற்றவர்களுக்கு இன்றுவரை புரியவில்லை. புரியவும் வேண்டாம்.

கடை வெண்டலுடையது. கல்லாவில் நிற்பது நான், லைல். முன்பக்கம் ஆணி, எலிப்பொறி, முள்கம்பி, கோழித்தீவனம். பின்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள். அதை ஒட்டி ஓர் இரும்பு அடுப்பு, வட்ட மேசை, எப்போதும் சூடாக இருக்கும் காபிக் கெண்டி. மேசைக்கு மேலே சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒருவருடைய கோப்பை தொங்கும். ஆணி உள்ளவர் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்து உட்காரலாம், மதியம்வரை வாயடிக்கலாம். ஆணி இல்லாதவர் வாடிக்கையாளர். அவருக்குக் காகிதக் கப்பில் காபி. வாங்க வேண்டியதை வாங்கியதும் கிளம்பிவிட வேண்டும். இதை யாரும் பலகையில் எழுதி மாட்டவில்லை. ஆனால் மொன்டானாவில் எங்கள் பக்கத்தில் காரியம் இல்லாமல் ஓர் இடத்துக்குப் போய் நிற்பது அடுத்தவர் தட்டில் கைவைப்பது மாதிரி. பசிக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஐவாம்மாவின் கணவர் ராலிக்கு அங்கே ஆணி உண்டு. மண்சாலைகளைச் சமன்படுத்தும் பெரிய வண்டியை அரசாங்கத்துக்காக ஓட்டியவர். நாள் முழுக்கத் தனியாக வண்டி ஓட்டியதற்கெல்லாம் சேர்த்து எங்கள் மேசையில் பேசித் தீர்த்துவிடுவார். அந்த நாட்களில் ஐவாம்மா கடைக்குள் வந்ததே இல்லை. வெளியே வண்டியில், ஜன்னலை ஏற்றிவிட்டு, விதை விளம்பரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். "இதோ வந்துட்டேன்னு சொல்லிட்டு வந்தேன், கொன்னுடுவா" என்று ராலி எழுந்திருப்பார். எழுந்து நின்றபடி இன்னொரு கதையை ஆரம்பிப்பார். அந்த வீட்டில் பேசுகிற வேலை அவருடையது, கேட்கிற வேலை ஐவாம்மாவுடையது. அப்படியே காலம் போய்விட்டது.

ராலி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இலையுதிர் காலத்தில் செத்துப்போனார். மாரடைப்பு. கோப்பையை யாரும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. நான்தான் அவ்வப்போது தூசி துடைத்து மறுபடி மாட்டுவேன்.

அவர்கள் வீடு சரளைச் சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தச் சாலையில் வரிசையாகப் பண்ணைகள். பெரிய கம்பெனி ஒன்று நிலங்களையெல்லாம் வாங்கிக் கோதுமை போட்டது. கோதுமைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தேவையில்லை. ஒவ்வொரு வீடாக விளக்கு அணைந்து, கடைசியில் ஐவாம்மா வீட்டு விளக்கு மட்டும் மிஞ்சியது. மகன் கென்ட் ஃபீனிக்ஸில். ஞாயிறு தவறாமல் போன் செய்வான். மாத்திரை சாப்பிட்டாயா, வீட்டை எப்போது விற்கப்போகிறாய், இங்கே வெயில் நன்றாக இருக்கிறது. அவனைக் குறை சொல்லமாட்டேன். போன் பண்ணுகிறானே.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் பனி விழுந்த வாரத்தில், ஐவாம்மா கடைக்குள் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றார். தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். குரல் பல நாள் திறக்காத கதவின் கீல் மாதிரி வந்தது. பேச ஆள் இல்லாவிட்டால் குரல் துருப்பிடிக்கும். எனக்குத் தெரியும். மனைவி விட்டுவிட்டுப் போனதிலிருந்து நான் கடைக்கு மேலேயே மாடியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே என்னோடு பேசுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

"தனியா இருக்கேன் லைல். தற்காப்புக்கு ஒரு ரிவால்வர் வேணும். எந்த காலிபர் எடுத்தா நல்லதுன்னு தெரியல."

மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.

எங்கள் ஊர் ஆம்பளையைப் பேசவைக்க வேண்டுமென்றால் பிள்ளைகுட்டி எப்படி என்று கேட்கக்கூடாது, ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். காலிபர் எது என்று கேட்க வேண்டும். குண்டின் பருமன், அவ்வளவுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். ஆனால் அதை வைத்து அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கிறது இங்கே.

"உக்காருங்க மேடம், உக்காருங்க" என்று டெல்பர்ட் நாற்காலியை இழுத்துப் போட்டார். அது ராலியின் நாற்காலி. டெல்பர்ட் ஷெரிஃப் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னும் பெல்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் பேசுவார். "என்னைக் கேட்டா மூணு அம்பத்தேழு மேக்னம். வேற பேச்சே கிடையாது. ஒரு தடவ சுட்டா, அவனும் அப்புறம் பேசமாட்டான்."

"சுட்ட ஆளுக்கும் ஒரு வாரத்துக்குக் காது கேக்காது" என்றார் ஆர்லோ. மாட்டுப்பண்ணைக்காரர். அப்பா விட்டுப்போன நாற்பத்தைந்து காலிபர் துப்பாக்கியை ஞானஸ்நானம் பண்ணாத குறையாக வைத்திருப்பவர். "அவ ஆளைத் துரத்தணுமா, வீட்டுக் கூரையைப் பேக்கணுமாய்யா? ஐவா, நீ நாப்பத்தஞ்சு எடு. குண்டு மெதுவாத்தான் போவும். ஆனா போய்ச் சேந்துடும்."

"உங்கள மாதிரி" என்றார் டெல்பர்ட்.

இதற்குள் வெண்டல் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வைத்துவிட்டான். இளஞ்சிவப்புப் பிடி. "ஐவாம்மா, இது பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது. காத்து மாதிரி இருக்கும், தூக்கிப் பாருங்க."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இந்த நாட்டில் பெண்ணொருத்தி துப்பாக்கிக் கடைக்குள் காலெடுத்து வைத்தால் போதும், இருப்பதிலேயே சின்னதாக, இலேசாக ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்துவிடுவார்கள். இலேசான துப்பாக்கிதான் அதிகமாக உதைக்கும். கழுதைக்குட்டி சின்னதாக இருப்பதால் அதன் உதையும் சின்னதாகிவிடுமா? கனமான இரும்பு உடம்பு, நீளமான குழல், நடுத்தரத் தோட்டா. இதுதான் வயசான கைக்கு. முப்பத்தெட்டு ஸ்பெஷல். நான் இதைச் சொன்னேன். அன்றைக்கும் சொன்னேன், குளிர்காலம் முழுக்கச் சொன்னேன். எவன் கேட்டான்?

"அப்ப மூணு அம்பத்தேழு துப்பாக்கிய வாங்கி, உள்ள முப்பத்தெட்டு தோட்டா போடட்டும். போகும்ல?" என்றார் டெல்பர்ட். அவர் கணக்கில் அது சமாதான உடன்படிக்கை.

"போகும்" என்றேன். "முப்பத்தெட்டு துப்பாக்கியில மூணு அம்பத்தேழு தோட்டாதான் போகாது."

"அதான் நானும் சொல்றேன்!"

"நீங்க அதைச் சொல்லல."

ஐவாம்மா காகிதக் கப்பை இரண்டு கைகளாலும் பிடித்தபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் அடுப்பின் சூடு ஏறியிருந்தது. மதியம் மேசை கலைந்தபோதுதான் எழுந்தார். "அடுத்த வாரம் வரேன். இன்னும் யோசிக்கணும்" என்றார். போகும்போது குரலில் துரு இல்லை.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. வாரம் ஒரு சந்தேகத்தோடு வருவார். ஊர்க்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள் போலத் தெரிந்தால், கப்பை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்பார். இருட்டில் சுட்டால் அந்த வெளிச்சத்தில் கண் கூசாதா? குண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு போனால் அந்தப் பக்கம் கோழிக்கூண்டு இருக்கிறதே? வருகிறவன் கனத்த குளிர்கோட்டு போட்டிருந்தால் முப்பத்தெட்டு அதைத் தாண்டுமா? கடைசிக் கேள்விதான் ஜனவரி மாதத்தையே விழுங்கியது. பனிக்காலத்தில் எங்கள் ஊருக்கு வருகிற திருடன் எவனும் கோட்டு இல்லாமல் வரமுடியாது என்பது உண்மைதானே. ஆர்லோவின் பழைய கோட்டு ஒன்றை வைக்கோல் கட்டுக்கு மாட்டிவிட்டு ஆளாளுக்குச் சுட்டுப் பார்த்தார்கள். எல்லாக் குண்டும் துளைத்தது. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆர்லோ மட்டும் அந்தக் கோட்டில் இன்னும் இரண்டு குளிர்காலம் ஓடியிருக்கும் என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

வானிலை நன்றாக இருந்தால் சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே சரளைக்குழிக்கு அவரை அழைத்துப்போவார்கள். ஒவ்வொருவரும் தங்கள் துப்பாக்கியைக் கொடுத்து, தகர டப்பாவை வைத்துச் சுடச்சொல்வார்கள். ஐவாம்மா சுடுவது ஒன்றும் டப்பாவில் படாது. மண் பறக்கும், டப்பா அசையாது. டெல்பர்ட் முழங்கையைத் திருத்துவார், ஆர்லோ காலை அகட்டி நிற்கச் சொல்வார், வெண்டல் மூச்சை எப்போது விடவேண்டும் என்று விளக்குவான். பிடியைப் பற்றிய அவர் விரல்கள் எனக்கு என்னவோ சரியாகத்தான் இருப்பதுபோலத் தோன்றும். ஆனாலும் படவில்லையே, நான் என்ன சொல்வது?

மார்ச் கடைசியில் அவர் வீட்டு அடுப்புக் குழாயில் ஒரு வளைவு உடைந்துவிட்டது. புதுசு ஒன்றைக் கொடுக்க நான் போனேன். கேட்டருகே வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருந்தேன். தனி வீட்டுக்குப் போகிறவன் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். வாசலில் ஐவாம்மா வந்து கையசைத்தார். இடுப்பில் சமையல் ஏப்ரன். அதன் பையில் ஏதோ கனமாகத் தொங்கியது.

படியேறி நான் பூட்சைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, "அசையாதே லைல்" என்றார். கோழிக்கூண்டுப் பக்கம் ஒரு ஸ்கங்க், அந்த நாற்றம் பீய்ச்சுகிற பிராணி, பட்டப்பகலில் குடிகாரன் மாதிரித் தள்ளாடி வந்துகொண்டிருந்தது. வெறிநோய். கடித்தால் மனிதனுக்கும் அதே கதிதான். ஐவாம்மா பையிலிருந்து ஒரு ரிவால்வரை எடுத்தார், ஒற்றைக் கையை நீட்டினார், சுட்டார். அது விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"ஆப்பிள் பை சாப்பிடறியா? இப்பத்தான் அடுப்புல இருந்து எடுத்தேன்" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். துப்பாக்கியை ஆப்பிள் பைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ராலியுடையது. முப்பத்தெட்டு ஸ்பெஷல், கனத்த இரும்பு உடம்பு, உறையில் உரசியே நிறம் போனது. உருளையைத் திறந்து, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டைத் தட்டி எடுத்தார். ஓர் அறை முதலிலிருந்தே காலி. துப்பாக்கியின் குதிரை, அந்தக் குட்டிச் சுத்தியல், தட்டுகிற அறையில் தோட்டா போடாமல் வைப்பது பழைய பண்ணைக்காரர்களின் வழக்கம். தவறிக் கீழே விழுந்தால் வெடிக்காது. இதெல்லாம் சரளைக்குழியில் சொல்லிக்கொடுத்து வருகிற விஷயம் இல்லை.

"எவ்வளவு நாளா சுடறீங்க?"

"எங்கப்பா பண்ணையில பாம்பு ஜாஸ்தி. பல்லு முளைச்சதுல இருந்துன்னு வெச்சுக்கோயேன். ராலிக்குச் சுட வராது. பாவம், பேசத்தான் வரும்."

"அப்ப அந்தத் தகர டப்பா?"

அவர் துணியால் குழலைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார். "எல்லா டப்பாவுலயும் பட்டுட்டா அப்புறம் அவங்க எனக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பாங்க?"

அந்தச் சமையலறையில் ஒரு ரேடியோ சன்னமாக மாட்டு விலை சொல்லிக்கொண்டிருந்தது. அவர் வீட்டில் மாடு கிடையாது.

"நவம்பர்ல ஒரு நாள் கோழித்தீவன மூட்டையில அச்சடிச்சிருக்கிறதச் சத்தமா வாசிச்சிட்டு நின்னேன் லைல். மக்காச்சோளம் இவ்வளவு, சுண்ணாம்பு இவ்வளவுன்னு. ஒரு குரல் கேக்கணும், எது சொன்னா என்ன. அப்புறம்தான் உங்க கடைக்கு வந்தேன்." குழலைத் திருப்பிப் பிடித்துத் துடைத்தார். "ராலி வீட்டுக்கு வந்து தினம் அந்த மேசைல நடந்ததெல்லாம் சொல்லுவாரு. அந்தக் கூட்டம் எதைக் கேட்டா நிறுத்தாதுன்னு எனக்குத் தெரியும். அவங்ககிட்டச் சொல்லிடாதே. முடிவு பண்ணிட்டா அந்தம்மாவுக்கு இங்க என்ன வேலைம்பாங்க."

சொல்லமாட்டேன் என்றேன். ஆப்பிள் பை நன்றாக இருந்தது. இரண்டாவது துண்டும் சாப்பிட்டேன்.

அந்த ரகசியம் எனக்கு மே மாதம்வரை பாரமாகவே இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. செவ்வாய்தோறும் அவர் கப்பைக் கீழே வைக்கிற சத்தத்துக்காகக் காத்திருப்பேன். இன்றைக்கு என்ன சந்தேகம் கொண்டுவந்திருக்கிறார் என்று பார்ப்பேன். ஒரு தடவை, இருப்பதிலேயே சின்ன குண்டான இருபத்திரண்டு போதாதா என்று கேட்டுவிட்டு அப்பாவியாக உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மேசை மதியச் சாப்பாட்டுக்கே கலையவில்லை.

மே மாதம் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பண்ணையில் திருட்டு. எவனோ கொட்டகைப் பூட்டை உடைத்து வெல்டிங் சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் டெல்பர்ட் வந்தபோது முகம் செத்திருந்தது.

"யோவ், நாம இங்க உக்காந்து குளிர்காலம் பூரா பேசிக் கிழிச்சிட்டிருக்கோம். அந்தம்மா அங்க கைல ஒண்ணுமில்லாம உக்காந்திருக்காங்க. ஏதாவது ஆச்சுன்னா ராலி மூஞ்சில நாம எப்படி முழிக்கிறது?"

ஆர்லோ தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"லைல் சொன்னதுதான் சரி" என்றார் ஆர்லோ. "முப்பத்தெட்டு. இரும்பு உடம்பு. நீளக் குழல்."

"மைல்ஸ் சிட்டிக் கடைல பழசு ஒண்ணு வந்திருக்கு. அருமையான சாமான். எல்லாரும் சேந்து வாங்கிக் குடுத்துடுவோம்" என்றான் வெண்டல்.

பல வருஷம் நான் ஏங்கிய காட்சி. மூன்று பேரும் ஒரே காலிபரில், அதுவும் என் காலிபரில், வந்து நிற்கிறார்கள். நான் கல்லாவை விட்டு மேசைப் பக்கம் வந்தேன்.

"முப்பத்தெட்டு போதுமாங்கிறேன்?" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல, அந்தக் குளிர்கோட்டு விஷயம் இருக்குல்ல. இன்னும் கொஞ்சம் யோசிச்சா..."

"நீதானேய்யா குளிர்காலம் பூரா முப்பத்தெட்டு முப்பத்தெட்டுன்னு எங்க உயிர வாங்கின?" என்றார் டெல்பர்ட்.

"மனுஷன் மனசு மாறக்கூடாதா?"

"இன்னிக்கா மாறணும்? போய்யா, போய்க் கல்லாவப் பாரு."

வேறு என்ன சொல்ல முடியும்? அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றால் நாற்காலி போய்விடும். இல்லை என்று விட்டால் இவர்கள் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், அப்போதும் போய்விடும். கல்லாவுக்குப் போய் நின்றேன்.

அடுத்த செவ்வாய் பெட்டியை மேசையில் வைத்து அவர் பக்கம் தள்ளினார்கள். டெல்பர்ட்தான் பேசினார். பெல்ட்டைத் தூக்கிவிட்டுக்கொள்ள மறந்துவிட்டார். "எங்க எல்லார் சார்பாவும் மேடம். நீங்க இனிமே நிம்மதியாத் தூங்கலாம். இந்தச் சேத்துல அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வரவேண்டிய அவசியமே இல்ல."

ஐவாம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார். எடுத்துப் பிடித்தார். அழகான துப்பாக்கி, அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக நன்றி சொன்னார். காபியை அடிவரை குடித்தார். காகிதக் கப்பை மடித்துக் குப்பையில் போட்டார். என்னைக் கடந்து போகும்போது, "வரேன் லைல்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொன்னார்.

அதற்கடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. நாற்காலியில் ஆர்லோ தொப்பியை வைத்திருந்தார். "இப்பத்தான் நிம்மதியா இருப்பா, பாவம்" என்றார். காபிக் கெண்டியை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது. அதற்கும் அடுத்த செவ்வாயும் வரவில்லை. மேசையில் மீன்பிடியைப் பற்றிப் பேசினார்கள். சீக்கிரமே கலைந்துவிட்டார்கள்.

நான் அவர் வீட்டுக்குப் போக நினைத்தேன். போக முடியவில்லை. போய் என்ன என்று சொல்வது? அடுப்புக் குழாய் கொடுத்தாகிவிட்டது. இரண்டு நாள் இதே யோசனையாகக் கழிந்தது. கடைசியில் ஒரு தோட்டாப் பெட்டியை எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வெட்கக்கேடுதான். ஒரு மனுஷியைப் பார்க்கப் போக எனக்கு ஒரு டப்பா தேவைப்பட்டது.

கேட்டில் ஹாரன் அடித்தேன். ஐவாம்மா வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உள்ளே சமையலறை மேசையில், பிளானல் துணியின் மேல், இரண்டு ரிவால்வர்களும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. ரேடியோ மாட்டு விலை சொல்லிக்கொண்டிருந்தது.

"எதுக்கு வந்தே?"

"துப்பாக்கி குடுத்தவங்க தோட்டா குடுக்க மறந்துட்டாங்க. அதான் எடுத்துட்டு வந்தேன்."

"ராலியோட தோட்டா இங்க அலமாரி நெறையக் கெடக்கு. ரெண்டும் முப்பத்தெட்டு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

அவர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். இன்றைக்கு ஆப்பிள் பை எதுவும் இல்லை.

"கடைக்கு வாங்க ஐவாம்மா."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா யாரு வருவா? நீயே தோட்டாப் பெட்டியோடதான் வந்திருக்கே."

நான் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன செவ்வாய்க்கிழமை எழுந்திருச்சு கோட்டு மாட்டிட்டேன்" என்றார். "வண்டிச் சாவிய எடுத்தேன். இன்ஜின் போட்டு உக்காந்துட்டேன். போய் என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். ஒண்ணும் வரல. என்னமோ சொல்லணும்ல, உள்ள நுழையறதுக்கு? அப்புறம் இறங்கி வந்துட்டேன். கோட்டு மட்டும் கழட்டல. சாயந்திரம் வரைக்கும் கோட்டோடயே உக்காந்திருந்தேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். "பேச்சு இல்லாம இருக்கிறது எனக்குப் பழக்கம்தான். பேச்சுக் கேக்காம இருக்கிறதுதான் பழகல."

எனக்குக் கண் கலங்கியது. மறைக்கவும் இல்லை. அவர் அதைப் பார்த்ததும் தோட்டாப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். அழுகிறவன் முகத்தைப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கி, கோழித்தீவன மூட்டையை வாசித்த மாதிரி, பெட்டியில் இருந்ததை வாசித்தார்.

"இது என்ன, தட்டை முனையா?"

"ஆமா. உதை கம்மி. உங்க கைக்கு இதுதான் சரி."

"டெல்பர்ட் என்ன சொல்லுவாரு?"

"அவரா? முனையில குழி இருக்கிற குண்டுதான் குண்டும்பாரு. உள்ள போனா விரியும்."

"ஆர்லோ?"

"அவருக்குப் பழைய கனத்த ஈயம். எங்கப்பா காலத்துல குழியா வெச்சாங்கன்னு கேப்பாரு."

"வெண்டல்?"

"வெண்டல் எது கடைல தேங்கிக் கிடக்குதோ அதைச் சொல்லுவான்."

ஐவாம்மா கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, பச்சைக் கோதுமையைத் தவிர. பிறகு பெட்டியை என் கையில் திணித்தார்.

"எடுத்துட்டுப் போ. நான் இன்னும் முடிவு பண்ணல."

செவ்வாய்க்கிழமை கடைக் கதவு மணி அடித்தபோது மேசையில் மூன்று பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஐவாம்மா ஒரு துணிப்பையோடு வந்தார். அதிலிருந்து துப்பாக்கிப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அப்புறம் பிளானல் துணியில் சுற்றிய இன்னொன்றை எடுத்துப் பிரித்தார். விளிம்பில் பூச்சு உதிர்ந்த நீல நிறக் கோப்பை. அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். டெல்பர்ட் கெண்டியை எடுத்து அதில் காபி ஊற்ற, அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"லைல்" என்று என் பக்கம் திரும்பினார். "துப்பாக்கி ரொம்ப நல்லாருக்கு. ஆனா இதுக்குள்ள என்ன தோட்டா போடறது? எனக்கு ஒண்ணும் புரியல."

தட்டை முனைத் தோட்டாப் பெட்டி என் கைக்கெட்டும் தூரத்தில் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. என் வாழ்நாளில் தோட்டாவைப் பற்றி ஒருவர் கேட்டு நான் சொல்லாமல் விட்டதில்லை.

"எனக்கு என்ன தெரியும் ஐவாம்மா? அவங்ககிட்டக் கேளுங்க."

ஆர்லோ நாற்காலியிலிருந்து தொப்பியை எடுத்தார். "உக்காரு ஐவா. இவங்க பேச்சக் கேக்காதே. கனத்த ஈயம். எங்கப்பா..."

"ஆரம்பிச்சிட்டாரு! மேடம், குழி முனை. எழுதி வெச்சுக்கோங்க."

"அது குளிர்கோட்டுல துணி அடைச்சுக்கிட்டா விரியாதுன்னு சொல்றாங்களே?" என்றான் வெண்டல்.

ஐவாம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "அடைச்சுக்குமா?"

"டேய், இன்னொரு கோட்டு என்கிட்டக் கிடையாது!" என்றார் ஆர்லோ.

நான் முன்பக்கம் போய் ஒரு நீள ஆணியையும் சுத்தியலையும் எடுத்து வந்தேன். ராலியின் ஆணிக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைத்து அடித்தேன்.

"சத்தம் போடாதய்யா, இங்க பேசிட்டிருக்கோம்ல" என்றார் டெல்பர்ட், திரும்பிப் பார்க்காமலே.

அடித்து முடித்துவிட்டு ஆணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.